சொகுசுக் கப்பல் பயணம்: ஏஜென்ட்டிடம் கொடுப்பதா, நேரே எடுப்பதா?

ஏஜென்ட்டைத் தவிர்த்தால் அவருக்குப் போகும் கமிஷன் நமக்கு மிச்சம் என்ற கணக்கில்தான் பலர் கப்பல் கம்பெனியின் இணையதளத்துக்குள் நுழைகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. பெரிய கப்பல் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் விலையைத்தான் ஏஜென்ட்டுக்கும் கொடுக்கின்றன. கமிஷன் அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நேரே எடுத்தால் அந்தத் தொகை கம்பெனியிடமே தங்கிவிடும், உங்கள் பைக்கு வராது.

உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. புக்கிங்கின் குடுமி யார் கையில் என்பதுதான் அது. ஏஜென்ட் மூலம் எடுத்த புக்கிங்கில் தேதி மாற்ற வேண்டும், கேபின் மாற்ற வேண்டும், விலை குறைந்திருக்கிறது என்று கம்பெனிக்கு நீங்களே போன் செய்தால், "உங்கள் ஏஜென்ட்டிடம் பேசுங்கள்" என்று வைத்துவிடுவார்கள். நேரே எடுத்திருந்தால் நீங்களே பேசலாம். ஆனால் அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில். எந்தப் பயணத்துக்கு எது சரி, எப்படி ஒப்பிடுவது, எங்கே சறுக்கும் என்பதைச் சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் மூன்று நான்கு இரவுப் பயணத்தை முன்வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இருந்து வெளிநாட்டுக் கப்பல் ஏறும் குடும்பங்களுக்கு அதுதான் பழகிய வழி.

கமிஷன் வரும் இடம், வராத இடம்

ஏஜென்ட்டுக்குக் கிடைக்கும் கமிஷன் பொதுவாக 10 முதல் 16 சதவீதம். அதுவும் கப்பல் கட்டணத்தின் மேல்தான். துறைமுக வரி, அரசு வரி, டிப்ஸ் இவற்றுக்குக் கமிஷன் கிடையாது. கட்டணத்திலேயே ஒரு பகுதியைக் 'கமிஷன் இல்லாத தொகை' என்று கம்பெனிகள் ஒதுக்கிவைப்பதும் உண்டு. ஆகவே குறுகிய, மலிவான பயணத்தில் ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது சொற்பம். மூன்று இரவு உள்கேபினுக்கு (ஜன்னல் இல்லாத அறை) அவர் பத்து முறை போன் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் கேட்டாலும் நியாயம்தான். முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவே.

பத்து இரவு மத்தியதரைக் கடல் பயணம், பால்கனி, இரண்டு கேபின் என்று போனால் கமிஷன் கணிசமாக ஆகிவிடும். அதில் ஒரு பங்கை உங்களுக்குத் திருப்பித் தர ஏஜென்ட்டுக்கு இடம் உண்டு. விலையைக் குறைத்து விளம்பரம் செய்யக் கம்பெனிகள் பெரும்பாலும் விடுவதில்லை. அதனால் திருப்பித் தருவது வேறு உருவில் வரும்: கப்பலில் செலவழிக்கக் கணக்கில் வரவு, டிப்ஸை ஏஜென்ட்டே கட்டுவது, பரிசு அட்டை. பெரிய தொகைக்குப் புக் செய்யும்போது "கப்பல் கணக்கில் எவ்வளவு வரவு வைப்பீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். இந்தத் தொழிலில் அது சங்கடமான கேள்வி இல்லை.

எதற்கு எது

கொச்சி, மும்பை, சென்னை போன்ற இந்தியத் துறைமுகங்களில் கிளம்பி இந்தியாவுக்குள்ளேயே திரும்பும் பயணத்துக்கு நேரே எடுப்பதே போதும். ரூபாயில் கட்டணம், விசா இல்லை, கேபின் வகையும் சிலதுதான். ஏஜென்ட் செய்யப் பெரிதாக எதுவும் இல்லை. அதே கப்பல் இலங்கைத் துறைமுகத்தைத் தொடுமானால் பாஸ்போர்ட்டும் அந்த நாட்டு நுழைவு அனுமதியும் வேண்டும். அப்போதும் நீங்களே சமாளிக்கலாம்.

சிங்கப்பூரில் இருந்து மூன்று நான்கு இரவு, இரண்டு பேர், இணையத்தில் பழக்கம் உள்ளவர்கள் என்றால் நேரே எடுங்கள். விசாவுக்கு மட்டும் ஏஜென்ட்டிடம் போக வேண்டியிருக்கும். இந்தியாவில் இருந்து சிங்கப்பூர் சுற்றுலா விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் வழியாக விண்ணப்பிப்பதே வழக்கமான பாதை.

நான்கு பேர் ஒரே கேபின், மூன்று தலைமுறை சேர்ந்து போவது, சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர், ஐரோப்பா, அலாஸ்கா, அண்டார்டிகா, நதிக் கப்பல், இவற்றில் எது இருந்தாலும் நல்ல ஏஜென்ட் தன் கூலிக்கு மேல் வேலை செய்வார். இங்கே 'நல்ல' என்ற சொல்லுக்குத்தான் முழு எடையும். விமான டிக்கெட்டும் பஸ் டிக்கெட்டும் போட்டுக்கொண்டே இடையில் எப்போதாவது ஒரு கப்பல் போடுபவரிடம் கொடுப்பதைவிட, நீங்களே எடுப்பது மேல். அவரும் நீங்கள் பார்க்கும் அதே தளத்தைத்தான் பார்த்துச் சொல்வார்.

விலையை ஒப்பிடும் முறை

முதலில் கம்பெனியின் தளத்தில் நீங்களே பயணிகளின் எண்ணிக்கை, வயது எல்லாம் கொடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். முகப்பில் தெரியும் விலை ஒரு ஆளுக்கு, இரண்டு பேர் ஒரு கேபினில் தங்கும் கணக்கில், வரி சேர்க்காமல் போடப்பட்டிருக்கலாம். கடைசிப் பக்கத்தில்தான் உண்மை தெரியும். அங்கே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கப்பலின் பெயர், கிளம்பும் தேதி, கேபின் வகையின் குறியீடு, கேபின் எண், கட்டணம், துறைமுக வரி, டிப்ஸ் சேர்ந்திருக்கிறதா, டெபாசிட் திரும்பக் கிடைக்குமா. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கப்பல் விலை நாளுக்கு நாள் மாறும். நேற்றைய விலையை இன்றைய கொட்டேஷனோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

'பால்கனி' என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். ஒரே கப்பலில் பால்கனியிலேயே பல வகை இருக்கும். எந்த மாடி, இடம், அளவு, முன்னால் உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்பதைப் பொறுத்து விலை மாறும். குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு ஏஜென்ட்டுகளுக்கு ஒரே செய்தியை அனுப்பினால் போதும்:

"வணக்கம் சார். இந்தக் கப்பல், இந்தத் தேதி, சிங்கப்பூரில் இருந்து 4 இரவு. பெரியவர் 2, பிள்ளைகள் 2 (வயது 11, 7). ஒரே கேபின், இந்தக் குறியீட்டில் உள்ள பால்கனி. கப்பல் கட்டணம், துறைமுக வரி, டிப்ஸ், உங்கள் சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி, டிசிஎஸ் எல்லாம் தனித்தனியாகப் போட்டு அனுப்புங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, கடைசித் தவணை என்றைக்கு, ரத்து செய்தால் கம்பெனி பிடித்தம் போக உங்கள் பிடித்தம் எவ்வளவு என்பதையும் எழுதிவிடுங்கள்."

"எல்லாம் சேர்த்து இவ்வளவு சார்" என்று ஒற்றை எண்ணாக வந்தால் மறுபடி கேளுங்கள். அப்போதும் பிரித்துக் கொடுக்காதவரை விட்டுவிடுங்கள். (டிசிஎஸ் என்றால் என்ன என்பது கீழே வரும்.)

டிப்ஸில்தான் பலருக்கு அதிர்ச்சி வரும். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் சாதாரணக் கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வாக்கில் கப்பல் கணக்கில் தானாக ஏறும். பிள்ளைகளுக்கும் அதே தொகை. ஆளுக்கு 18 டாலர் என்று வைத்தால் நான்கு பேருக்கு நான்கு இரவுக்கு 288 டாலர். ஒரு கொட்டேஷனில் இது சேர்ந்திருந்து மற்றதில் இல்லாமல் இருந்தால், மலிவாகத் தெரிவது மலிவாக இருக்காது. கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்று விளம்பரம் வரும்போதும் இதே கதைதான்: குறைவது கட்டணம் மட்டும், வரியும் டிப்ஸும் முழுசாக வரும்.

ஏஜென்ட்டுக்கு உள்ள ஒரு வசதி உங்களுக்குக் கிடைப்பது அரிது. பணம் கட்டாமல் ஒன்று முதல் மூன்று நாள் வரை கேபினைப் பிடித்துவைக்க அவர்களால் முடியும். 'ஆப்ஷன்' போட்டு வையுங்கள் என்று கேளுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டு முடிவெடுக்கவும், லீவு உறுதி செய்யவும் அந்த இடைவெளி போதும்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சானை விட்டு அங்கத்திய தளத்தில் எடுத்தால் மலிவு என்ற யோசனை அடிக்கடி வரும். கம்பெனிகள் நாட்டுக்கு நாடு வேறு விலை போடுவது உண்மைதான். சில சலுகை விலைகள் அந்தந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. ஏறும்போது அத்தாட்சி கேட்டால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். விதிமுறையைப் படிக்காமல் அந்த வழியில் இறங்க வேண்டாம்.

இந்தியாவில் இருந்து கட்டும்போது

இங்கேதான் உண்மையான விலை வித்தியாசம் பிறக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் இந்தியக் கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கி அந்நியச் செலாவணி மார்க்கப், அதாவது நாணயம் மாற்றுவதற்கான கூடுதல் கட்டணம், போடும். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள புக்கிங்குக்கு மார்க்கப் 7,000, அதற்கு ஜிஎஸ்டி 1,260. ஆக 8,260 ரூபாய் கூடுதல். மார்க்கப் குறைவான அல்லது அறவே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. இந்த ஒரு செலவுக்காகவே அப்படி ஒன்று வைத்திருப்பது லாபம்.

இந்திய ஏஜென்ட்டிடம் ரூபாயில் கட்டினால் மார்க்கப் இல்லை. ஆனால் டூர் பேக்கேஜுக்கான 5 சதவீத ஜிஎஸ்டி, அதே 2 லட்சத்துக்கு 10,000 ரூபாய், சேரும். அவர் எந்த மாற்று விகிதத்தில் டாலரை ரூபாயாக்குகிறார் என்பதையும் பாருங்கள். சந்தை விகிதத்தைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூட்டிப் போட்டு அதிலேயே லாபத்தை எடுத்துக்கொள்வது சகஜம். கார்டில் கட்டினால் 2 சதவீதம் கூடுதல் கேட்பவர்களும் உண்டு.

அடுத்தது டிசிஎஸ். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜை விற்கும் ஏஜென்ட் வருமான வரித் துறைக்காக உங்களிடம் வசூலிக்கும் தொகை இது. 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆனது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. 2026 ஏப்ரலில் வரம்பே இல்லாமல் 2 சதவீதமாகக் குறைந்தது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் கைவைக்கும் விஷயம் என்பதால், பணம் கட்டும் நாளில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமான டிக்கெட் மட்டும் வாங்கினாலோ ஹோட்டல் மட்டும் போட்டாலோ அது பேக்கேஜ் ஆகாது. இப்படிப்பட்ட செலவுகளில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் பேக்கேஜ் என்று நேரடி வரிகள் வாரியம் 2023இல் விளக்கியது. கப்பல், விமானம், ஹோட்டல் மூன்றையும் ஒரே பில்லில் ஒரே ஏஜென்ட்டிடம் வாங்கினால் டிசிஎஸ் கட்டாயம் வரும்.

டிசிஎஸ் செலவு இல்லை, முன்கூட்டிக் கட்டும் வரி. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் சொல்லி மாதப் பிடித்தத்திலேயே சரிக்கட்டவும் வழி இருக்கிறது. சறுக்குவது யாருடைய பான் எண் என்பதில். வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத அப்பாவின் பான் எண்ணில் பில் போட்டுவிட்டு, பிறகு அந்தப் பணத்தை மீட்பதற்காகவே அவரைக் கணக்குத் தாக்கல் செய்யவைக்கும் வீடுகள் நிறைய. வழக்கமாகத் தாக்கல் செய்பவரின் பெயரில் பில் போடச் சொல்லுங்கள். அதே பெயரின் கணக்கில் இருந்து பணமும் போகட்டும்.

கேபின் எண்ணைப் பார்ப்பது

இதை ஏஜென்ட் செய்கிறாரா என்பதே அவர் கப்பல் தெரிந்தவரா என்று சொல்லிவிடும். நேரே எடுத்தால் நீங்கள் செய்ய வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் கப்பலின் மாடிவாரியாக வரைபடம் இருக்கும். உங்கள் கேபினுக்கு நேர் மேலே, நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடிவதற்கு முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். மேலே சாப்பாட்டுக் கூடம் என்றால் தள்ளுவண்டிச் சத்தம். கீழே நாடக அரங்கோ இரவு விடுதியோ என்றால் நள்ளிரவு வரை தரை அதிரும். வரைபடத்தில் எந்தப் பெயரும் இல்லாத வெள்ளை இடத்தையும் நம்பக் கூடாது. அது ஊழியர் பகுதியாகவோ சமையலறையாகவோ இருக்கலாம்.

கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த் தளம். முன்முனையும் உயர்ந்த தளமும்தான் அதிகம் ஆடும். பெரியவர்கள் இருந்தால் லிஃப்ட்டில் இருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். இரண்டு கேபின்களுக்கு நடுவே கதவு உள்ள இணைப்புக் கேபின், குடும்பமாகச் சேர்ந்து எடுத்தால் வசதி. பக்கத்தில் யாரோ என்றால் அந்தக் கதவு வழியாக அவர்கள் பேச்செல்லாம் உங்கள் அறைக்குள் கேட்கும்.

'கேரண்டி' என்று மலிவாக வருவதில் கேபின் வகை மட்டும் உறுதி. எண்ணைக் கம்பெனி பிற்பாடு ஒதுக்கும், மாற்றிக் கேட்க முடியாது. இரண்டு இளைஞர்கள் போவதற்கு நல்ல பேரம். அம்மா அப்பாவுக்கு வேண்டாம்.

இன்னொரு விசித்திரம்: கேபின் காலியாக இருக்கும், இரண்டு பேருக்குக் கொடுக்கும், நான்கு பேருக்குக் கொடுக்காது. உயிர்காப்புப் படகில் அந்தப் பகுதிக்கான இடம் நிரம்பியிருந்தால் கூடுதல் ஆட்களை ஏற்ற முடியாது என்பதே காரணம். இணையதளத்தில் 'இல்லை' என்று மட்டும்தான் வரும். வேறு பகுதியில் உள்ள நாலு படுக்கைக் கேபினைத் தேடிப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் அல்லது கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் சீக்கிரம் முடியும்.

பெயர், வயது, கர்ப்பம்

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பது. புக்கிங் படிவம் இரண்டு பெயர் இல்லாமல் நகராது. அவசரத்தில் அப்பா பெயரையோ இனிஷியலையோ போட்டுவிடுகிறார்கள். பிறகு விமான டிக்கெட்டில் ஒரு விதம், விசாவில் ஒரு விதம், கப்பல் சீட்டில் ஒரு விதம் என்று மூன்று பெயர் ஆகிவிடும். ஒற்றைப் பெயருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, அதையே எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள். ஏஜென்ட் புக் செய்தால் பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். துபாய், அபுதாபியில் கிளம்பும் பயணம் என்றால் கூடுதல் கவனம்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி கொண்டுவந்தது. அங்கே டெபாசிட் கட்டும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்.

எழுத்துப் பிழையைத் திருத்துவது எளிது. ஆளையே மாற்றுவது அப்படி இல்லை. பெரும்பாலும் கேபினில் முதலில் புக் செய்தவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஏஜென்ட் கேட்க மறக்கும் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், நீண்ட கடல் பயணத்துக்கு ஒரு வயது. கர்ப்பிணிகள் பயணத்தின் எந்த நாளிலும் 24ஆவது வாரத்தைத் தொடக் கூடாது. புக் செய்யும் நாளின் கணக்கு செல்லாது, இறங்கும் நாளின் கணக்குதான்.

கடைசித் தவணையும் விசாவும்

டெபாசிட் கட்டிய நாளுக்கும் கடைசித் தவணைக்கும் இடையில்தான் உங்களுக்கு எல்லாச் சுதந்திரமும். அமெரிக்க நிறுவனங்களில் ஐந்து இரவும் அதற்கு மேலும் உள்ள பயணத்துக்குக் கிளம்பும் நாளுக்கு 90 நாள் முன்பும், அதற்குக் குறைந்ததற்கு 75 நாள் முன்பும் முழுத் தொகை கட்ட வேண்டும் என்பது பரவலான ஏற்பாடு. சந்தைக்குச் சந்தை மாறும். உங்கள் பில்லில் என்ன தேதி இருக்கிறதோ அதுவே சட்டம். அந்தத் தேதிக்கு முன் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். தானாக யாரும் மாற்றித் தர மாட்டார்கள். வாரம் ஒரு முறை அதே குறியீட்டைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் ஏஜென்ட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். திரும்பக் கிடைக்காத டெபாசிட்டில் எடுத்திருந்தால் மாற்றத்துக்கும் கட்டணம் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) தேவைப்படும் பயணத்தில் தேதிகள் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வரப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை. ஆகவே 180ஆம் நாளுக்கும் 90ஆம் நாளுக்கும் இடையில் விசா முடிவு வந்துவிட்டால், மறுத்தாலும் டெபாசிட்டோடு போகும். பலர் முழுப் பணமும் கட்டிவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். மறுத்தால் மொத்தமும் சிக்கும். விசாவுக்குக் காட்ட, பயணிகள் பெயரும் துறைமுகங்களின் வரிசையும் உள்ள உறுதிக் கடிதம் கம்பெனியின் பெயரில் வேண்டும், ஏஜென்ட்டின் லெட்டர்பேடில் வேண்டாம். கப்பல் நடுவில் துருக்கி, மான்டினீக்ரோ போன்ற ஷெங்கனுக்கு வெளியில் உள்ள துறைமுகத்துக்குப் போய்த் திரும்புமானால் பலமுறை நுழையும் விசா கேளுங்கள்.

சிங்கப்பூரிலும் இதே தர்க்கம்தான். கப்பல் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் இரண்டு முறை, ஒவ்வொரு நுழைவுக்கும் முந்தைய மூன்று நாளுக்குள், நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் வேறு எதற்கெல்லாம் காசு போட்டிருக்கிறார் என்று பார்ப்பது நல்லது.

ஏஜென்ட்டைச் சரிபார்த்தல்

சிங்கப்பூர் ஏஜென்ட் என்றால் அந்நாட்டுச் சுற்றுலா வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும்; வாரியத்தின் 'டிரஸ்ட்' தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் 'செல்லர் ஆஃப் டிராவல்' பதிவு எண் இருக்க வேண்டும். பிரிட்டனில் விமானத்தோடு சேர்ந்த பேக்கேஜுக்கு அட்டால் பாதுகாப்பு (விற்றவர் திவாலானாலும் பணத்தைக் காக்கும் ஏற்பாடு) உண்டு. இந்தியாவில் எல்லா ஏஜென்ட்டுக்கும் கட்டாய உரிமம் என்று ஒன்று இல்லை. சுற்றுலா அமைச்சக அங்கீகாரம் விருப்பத்தின் பேரில் வாங்குவது. அதனால் ஜிஎஸ்டி எண், அலுவலக முகவரி, நிறுவனத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இந்த மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். தனிநபர் பெயரில் உள்ள யுபிஐக்கு டெபாசிட் அனுப்பச் சொன்னால் நின்றுவிடுங்கள்.

இயன்றால் ஏஜென்ட் மூலமாகவே உங்கள் கார்டில் கம்பெனிக்கு நேராகப் பணம் போகட்டும். ஸ்டேட்மென்ட்டில் கம்பெனியின் பெயர் வரும். நாளைக்கு ரத்தானால் பணம் உங்கள் கார்டுக்கே திரும்பும். ஏஜென்ட்டின் கணக்குக்குப் போன பணம் அவர் வழியாகத்தான் திரும்பும், அவருடைய வேகத்தில்.

பணம் கட்டிய அன்றே

இதைத் தள்ளிப்போட வேண்டாம். கம்பெனியின் புக்கிங் எண்ணை வாங்குங்கள். ஏஜென்ட்டின் சொந்த வவுச்சர் எண் உதவாது. கம்பெனியின் செயலியில் கணக்குத் தொடங்கி, அந்த எண், கடைசிப் பெயர், கிளம்பும் தேதி கொடுத்து இணையுங்கள். புக்கிங் திரையில் வந்தால் உண்மை. வராவிட்டால் அன்றே கேளுங்கள். மோசடியும் சோம்பேறித்தனமும் இந்த ஒரு சோதனையில் பிடிபட்டுவிடும். உள்ளே போய்ப் பெயர், பிறந்த தேதி, கேபின் எண், கட்டிய தொகை, மீதித் தொகை எல்லாம் பாருங்கள்.

மின்னஞ்சல் இடத்தில் ஏஜென்ட் தன் முகவரியைப் போட்டிருப்பார். உங்களுடையதையும் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துறைமுக மாற்றம், நேர மாற்றம், செக்-இன் திறந்தது எல்லாம் அவருக்குப் போய், அவர் பார்த்து, உங்களுக்குச் சொல்லும்போது கப்பல் ஏறுவதற்கான நல்ல நேரமெல்லாம் போயிருக்கும்.

கடைசித் தவணையை ஏஜென்ட் கம்பெனியின் தேதிக்குச் சில நாள் முன்னதாகவே கேட்பார், அது சரியே. நீங்கள் கொடுத்த இரண்டு நாளில் செயலியில் மீதி பூஜ்யம் என்று காட்ட வேண்டும். அவர் மறந்தால் கம்பெனி புக்கிங்கைத் தானாக ரத்து செய்துவிடும், அதே விலைக்கு அதே கேபின் திரும்பக் கிடைக்காது.

ரத்து செய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறும்: முதலில் டெபாசிட், பிறகு பாதி, பிறகு முக்கால், கடைசி 30 நாளில் பெரும்பாலும் முழுத் தொகை. துறைமுக வரி மட்டும் எப்போதும் திரும்ப வர வேண்டியது. கப்பலே ஏறாதவருக்குத் துறைமுக வரி கிடையாது. இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

பயணக் காப்பீட்டை ஏஜென்ட் தருவதோடு நிறுத்தாமல் வெளியிலும் விலை பாருங்கள். கடல் பயணத்துக்குச் செல்லுமா, நடுக்கடலில் இருந்து ஹெலிகாப்டரிலோ படகிலோ கொண்டுபோவதற்குச் செல்லுமா, விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால் செல்லுமா, இந்த மூன்றையும் பாலிசியில் தேடுங்கள். விமானத்தை எப்படியும் ஒரு நாள் முன்னதாகவே போடுங்கள்.

பதினாறு பேர் சேர்ந்தால்

அறுபதாம் கல்யாணத்துக்கோ குடும்பச் சந்திப்புக்கோ எட்டு கேபின், பதினாறு பேர் என்று சேர்ந்தால் தனித்தனியாகத் தளத்தில் எடுக்காதீர்கள். அந்த எண்ணிக்கையில் இருந்து குழுப் புக்கிங். பதினாறு பேருக்கு ஒருவரின் கட்டணம் இலவசம் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வரி கட்ட வேண்டும், கட்டணம் மட்டும் கழியும். அந்தத் தொகையை ஏஜென்ட் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் முடியும். "இலவச இடம் ஒன்று வருமே, அதை எல்லோருக்கும் பிரித்துக் கழிப்பீர்களா?" என்று கொட்டேஷன் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போடுவது, கேபின்கள் ஒரே வரிசையில் இருப்பது, வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாட்டை முன்கூட்டியே எழுதிவைப்பது, இவையும் குழுவாக எடுத்தால் சுலபம்.

கப்பலிலேயே அடுத்த பயணம்

பெரிய கப்பல்களில் அடுத்த பயணத்தை விற்கும் மேசை ஒன்று இருக்கும். அங்கே டெபாசிட் குறைவாகவும், கப்பல் கணக்கில் வரவோடும் கிடைப்பது வழக்கம். அங்கே எடுப்பதால் ஏஜென்ட்டைக் கைவிட்டதாக ஆகாது. முதல் பயணத்தைப் போட்ட ஏஜென்ட்டின் பெயருக்கே அந்தப் புக்கிங்கையும் எழுதச் சொல்லலாம். அவர் சரியில்லை என்று தோன்றினால் உங்கள் பெயரில் நேரடிப் புக்கிங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். நேரே எடுத்ததை முழுப் பணம் கட்டும் முன், பல நிறுவனங்களில் புக் செய்த 30 அல்லது 60 நாளுக்குள், ஒரு ஏஜென்ட்டுக்கு மாற்றிவிடலாம். ஏஜென்ட்டிடம் இருப்பதை உங்கள் பெயருக்கு மாற்ற விடுவது அரிது. அதனால் ஊருக்கு வந்து நாலு இடத்தில் விசாரித்து, யார் என்ன வரவு தருகிறார் என்று பார்த்துவிட்டு, கெடு முடிவதற்குள் கொடுங்கள்.